பாச்சாங் வருவதற்குள்

விஜயராணி: பிஸ்கட்டு! கேஸ் பேசப் போன இடத்துல பிஸ்கட்ட வச்சு பாடம் நடத்துன ஒரே லாயர் இந்த மலாக்காவுலயே நீதான்பா.

நிவேந்திரன்: அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் புரியலக்கா. அப்பா உயில் எழுதாம போயிட்டா யாருக்கு எவ்வளவுன்னு... வாயால சொன்னா தலைய ஆட்டறாங்க. ஒண்ணும் ஏறல.

விஜயராணி: அதுக்கு?

நிவேந்திரன்: பிஸ்கட் டின்னு பக்கத்துல இருந்துச்சு...

விஜயராணி: ரோட்டோரப் பக்கம் எனக்குத்தான்னு முனியாண்டி கத்துறாரு. இல்ல எனக்குத்தான்னு தம்பி சேகரன் மேசைய தட்டுறாரு. அப்பா விட்டுட்டுப் போன செம்பனைத் தோட்டம். லூபோக் சீனா வரைக்கும் மெனக்கெட்டுப் போயிருக்கோம். நம்ம ஆபிசுக்கு நல்ல கேஸு. நீ என்ன செஞ்ச?

நிவேந்திரன்: ஒம்பது பிஸ்கட்ட எடுத்து வரிசையா வச்சேன்.

விஜயராணி: வச்சு?

நிவேந்திரன்: மூணு அம்மாவுக்குன்னு தள்ளுனேன். மிச்சம்தான் உங்க ரெண்டு பேருக்கும்னேன். அம்மாவுக்கும் பங்கு இருக்குன்னு அவங்க நெனைச்சே பார்க்கலக்கா. அந்த ரெண்டு மூஞ்சியையும் பார்த்தீங்களா?

விஜயராணி: நான் அந்த அம்மா மூஞ்சியத்தான் பார்த்தேன். "என் பங்க பிரிக்க வேணாம், டின்னுலயே இருக்கட்டும்"னு மூணையும் உள்ள போட்டு மூடிய அழுத்துனாங்க பாரு... அதோட முடிஞ்சுது நம்ம கேஸ்.

நிவேந்திரன்: சமாதானமாயிட்டாங்கல்ல.

விஜயராணி: ஆயிட்டாங்க, ஆயிட்டாங்க. சாப்பிட மீ கோரேங் நூடுல்ஸ் வேற தாப்பாவ் பொட்டலமா கட்டிக் குடுத்துட்டாங்க. மடியில சுடுது.

நிவேந்திரன்: பின்னால சீட்டுல வச்சிருங்கக்கா.

விஜயராணி: இருக்கட்டும். இன்னிக்கு சம்பாதிச்சது இது ஒண்ணுதான். ஆமா, ஏன் அந்த லாரிக்குப் பின்னாலயே ஊர்ந்துகிட்டு இருக்க? ரோடு காலியாத்தானே கெடக்கு. வெட்டி முந்திக்கிட்டுப் போ.

நிவேந்திரன்: வளைவுக்கா...

விஜயராணி: எங்க வளைவு? மஸ்ஜித் தானா வரைக்கும் நேர் ரோடு. நாலு மணிக்கு திவாகர் ஏணியோட வந்து நிப்பாரு. பாச்சாங் ஆபிஸ்ல ஷாமினி மட்டும்தான் இருக்கா, பாவம்.

நிவேந்திரன்: திவாகரா? யாருக்கா அது?

விஜயராணி: ஒரு வேலைக்கு வரச் சொல்லியிருக்கேன். நம்ம போர்டு ரொம்பப் பழசாயிடுச்சுல்ல. என் பேரு மட்டும் தனியா வெயில்ல காஞ்சுகிட்டு நிக்குது. பக்கத்துல ஒரு பேரு வந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு.

நிவேந்திரன்: ...என்ன பேருக்கா?

விஜயராணி: ஆபிஸ்ல வேற யாருப்பா இருக்கா? ஷாமினி இன்னும் சேம்பரிங் பயிற்சி முடிக்கல. லாயர்னு இருக்கிறது நானும் நீயும்தான்.

நிவேந்திரன்: அக்கா...

விஜயராணி: பார்ட்னர்னு சொல்லிக்க கூச்சமா இருக்கா? பழகிரும்லா.

நிவேந்திரன்: அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்...

விஜயராணி: இரு, ஃபோன் அடிக்குது. ச்சே, மறுபடியும் அதே ஆயர் குரோ நம்பர். நேத்துலேர்ந்து விடாம அடிக்கிறான். இன்சூரன்ஸ்காரனுக்கு என் நம்பர யாரு குடுத்தாங்கன்னு தெரியல.

நிவேந்திரன்: எடுத்துப் பேசுங்களேன்.

விஜயராணி: எதுக்கு? எனக்கு வயசாயிடுச்சு, இப்பவே எல்லாத்தையும் பிளான் பண்ணுங்கன்னு ஒரு பொண்ணு இனிக்க இனிக்கச் சொல்லும். நீ ஏதோ சொல்ல வந்தியே.

நிவேந்திரன்: ஒருவேளை வேற ஏதாவதா இருந்தா...

விஜயராணி: வேறன்னா மெசேஜ் போடட்டும். சொல்ல வந்ததச் சொல்லு.

நிவேந்திரன்: ...ஏர்கான் ரொம்ப குளிரா இருக்கா?

விஜயராணி: இல்ல.

நிவேந்திரன்: கொறைக்கட்டுமா?

விஜயராணி: நிவேன். இது ஏர்கான் கேக்கற குரலா? சாட்சிக் கூண்டுல நிக்கிறவன் மாதிரி தொண்டைய செருமிக்கிட்டே வர்ற, லூபோக் சீனாவுலேர்ந்து.

நிவேந்திரன்: அந்த போர்டு வேலைய... ரெண்டு நாளைக்குத் தள்ளி வைக்கலாமா?

விஜயராணி: ஏன், நாள் நல்லா இல்லையா?

நிவேந்திரன்: நாள் இல்லக்கா... நான்.

விஜயராணி: நீ நல்லாத்தான் இருக்க.

நிவேந்திரன்: வெளையாடாதீங்கக்கா. எனக்கு ஆயர் குரோ யூனிவர்சிட்டில வேலை கெடைச்சிருக்கு. லா ஃபேக்கல்ட்டில. லெக்சரர். இண்டர்வியூ எல்லாம் முடிஞ்சிருச்சு. உங்ககிட்ட சொல்லாம போனது தப்புதான். எத்தனையோ தடவ ரூம் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். அக்கா? ஏதாவது சொல்லுங்க. திட்டவாச்சும் செய்யுங்க.

விஜயராணி: லாரி லெஃப்ட்ல போயிடுச்சு. இப்பவாவது வேகமாப் போ.

நிவேந்திரன்: அக்கா...

விஜயராணி: கேள்வி கேக்கறேன், பதில் மட்டும் சொல்லு. முழுநேர வேலையா?

நிவேந்திரன்: ஆமா.

விஜயராணி: அப்போ லைசென்ஸ புதுப்பிக்க முடியாது. கோர்ட்ல நிக்க முடியாது. தெரியுமா?

நிவேந்திரன்: தெரியும்.

விஜயராணி: கறுப்பு அங்கிய என்ன செய்யப் போற?

நிவேந்திரன்: அலமாரிலதான் மாட்டணும்.

விஜயராணி: வருத்தமா இருக்கா?

நிவேந்திரன்: ...இருக்குக்கா. பொய் சொல்ல மாட்டேன். லாயராயிட்டேன்னு கோர்ட்ல பேரு வாசிச்ச அன்னைக்கு எங்கம்மா அந்த அங்கிய தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. இன்னும் அது ஞாபகம் இருக்கு.

விஜயராணி: அம்மாகிட்ட சொல்லிட்டியா?

நிவேந்திரன்: சொன்னேன். "வாத்தியாராத்தான் போகப் போறேன்னா எதுக்குப்பா இவ்வளவு சுத்திக்கிட்டு வந்த? நேரா போயிருக்கலாமே"ன்னாங்க.

விஜயராணி: ஹா! நல்ல கேள்வி. என்ன பதில் சொன்ன?

நிவேந்திரன்: சிரிக்காதீங்கக்கா. சோறு சாப்ட்டுட்டுப் படுத்துட்டேன்.

விஜயராணி: சம்பளம் கொறைவா?

நிவேந்திரன்: கொறைவுதான்.

விஜயராணி: இங்க ஏதாவது மனக்கொறையா? நான் ஏதாவது...

நிவேந்திரன்: ஐயோ, இல்லவே இல்ல! சத்தியமா இல்லக்கா. உங்ககிட்டதான் சேம்பரிங் செஞ்சேன், உங்ககிட்டதான் எல்லாமே. அதனாலதான் சொல்ல முடியாம இவ்வளவு நாளா...

விஜயராணி: அப்போ ஏன்?

நிவேந்திரன்: எப்படிச் சொல்றது... மூணு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்கு காய்ச்சல்னு என்னை அந்த யூனிவர்சிட்டிக்கு அனுப்புனீங்களே? ஒரு மணி நேரம் பேசிட்டு வான்னு?

விஜயராணி: ம்.

நிவேந்திரன்: சொத்து வழக்கு பத்தி பேசுனேன். பாதியில ஒரு பொண்ணு கைய தூக்கி ஒரு கேள்வி கேட்டா. எனக்கே தெரியாத கேள்வி. கோர்ட்ல அப்படி ஆனா வாய்தா கேட்டு ஓடுவேன்ல? அன்னைக்கு எனக்கு... சந்தோஷமா இருந்துச்சுக்கா. வாங்க, சேர்ந்து தேடிப் பார்ப்போம்னேன். நேரம் முடிஞ்சும் ஒருத்தரும் எழுந்து போகல.

விஜயராணி: ம்.

நிவேந்திரன்: கோர்ட்ல ஜெயிச்சா ஒருத்தர் சிரிப்பாரு, ஒருத்தர் அழுவாரு. அங்க யாரும் அழல.

விஜயராணி: பரீட்சை வரட்டும், அழுவாங்க.

நிவேந்திரன்: அக்கா!

விஜயராணி: சரி சரி. இது எங்க, சுங்கை ஊடாங் தாண்டிட்டோமா?

நிவேந்திரன்: தாண்டிட்டோம். கோவமா இருக்கீங்களா?

விஜயராணி: உனக்கு நான் மொதல்ல சொல்லிக் குடுத்தது என்ன?

நிவேந்திரன்: கோர்ட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போகணும்னு...

விஜயராணி: அது ரெண்டாவது.

நிவேந்திரன்: ...பதில் தெரியாத கேள்விய சாட்சிகிட்ட கேக்கக் கூடாதுன்னு.

விஜயராணி: இப்போ நான் உன்ன எத்தனை கேள்வி கேட்டேன்?

நிவேந்திரன்: ஒரு... இருங்க. இருங்கக்கா. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

விஜயராணி: ரோட்ட பாரு. மோட்டார்காரன் வர்றான்.

நிவேந்திரன்: அலாமாக்! யாரு சொன்னாங்க? ஷாமினியா?

விஜயராணி: அவளுக்கும் தெரியுமா? பாரு, எனக்கு முன்னாடி அவகிட்ட சொல்லியிருக்க.

நிவேந்திரன்: அக்கா, சொல்லுங்கக்கா.

விஜயராணி: உங்க டீன் யாரு?

நிவேந்திரன்: டாக்டர் கிருஷ்ணவேணி.

விஜயராணி: நானும் அவளும் ஒரே வகுப்பு. ஒரே ரூம்ல இருந்து படிச்சோம். அவ பரீட்சைக்கு முந்துன நாளு தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டுத் தூங்கிருவா, நான்தான் எழுப்பி விடுவேன்.

நிவேந்திரன்: அவங்க சொல்லவே இல்லையே!

விஜயராணி: சொல்லாதன்னேன். கோர்ட் அனுபவம் உள்ள ஆளு ஒருத்தர் வேணும்னு என்கிட்டதான் வந்தா. உன் பேர நான்தான் குடுத்தேன். ஒரு நாள் வகுப்பு எடுக்க அனுப்பறேன், பார்த்துக்கோன்னேன்.

நிவேந்திரன்: அப்போ காய்ச்சல்?

விஜயராணி: என்ன காய்ச்சல்? கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். கால் வலி வந்ததுதான் மிச்சம். இத்தனை வருஷமா கோர்ட்ல கத்திக்கிட்டு இருக்கேன். அந்தப் பிள்ளைங்க உன்ன பார்த்த மாதிரி ஒரு ஜட்ஜும் என்ன பார்த்ததில்லப்பா.

நிவேந்திரன்: அக்கா...

விஜயராணி: நீ நல்ல லாயர்தான். ஆனா உன்கிட்ட வர்ற கிளையண்ட் எல்லாம் சண்டை போட வர்றாங்க, புரிஞ்சுகிட்டுத் திரும்பிப் போயிடறாங்க. அந்தத் திறமைய பாச்சாங்ல மாடிப்படி ஏறி வர்ற பத்து பேருக்கு மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்யறது?

நிவேந்திரன்: அப்புறம் ஏன் இந்த போர்டு?

விஜயராணி: எந்த போர்டு?

நிவேந்திரன்: திவாகர்... ஏணி...

விஜயராணி: ஆபிஸ் ஏர்கான் ஒழுகுதுல்ல? அத சர்வீஸ் செய்ய வர்றாரு. போர்ட பத்திப் பேசுனேன், ஏணிய பத்திப் பேசுனேன். ரெண்டையும் நீயா சேர்த்துக்கிட்டா நான் என்ன செய்ய?

நிவேந்திரன்: அடக் கடவுளே! மஸ்ஜித் தானாவுலேர்ந்து வேர்த்து ஊத்துது எனக்கு!

விஜயராணி: நல்லா வேர்க்கட்டும். உன் வாயால வரணும்னு நெனைச்சேன். தினமும் ரூம் கதவு வரைக்கும் வருவ, "டீ வேணுமாக்கா"ன்னு கேட்டுட்டுப் போயிடுவ. அதுல எனக்கு சர்க்கரை ஏறுனதுதான் மிச்சம்.

நிவேந்திரன்: நான் போயிட்டா ஆபிஸ்?

விஜயராணி: ஷாமினி வருவா. கொஞ்சம் கத்துவேன், கத்துக்குவா. நான் சமாளிச்சுக்குவேன். ஆனா... வெறிச்சோடித்தான் இருக்கும். அதையும் சொல்லிடறேன்.

நிவேந்திரன்: ஒண்ணு கேக்கலாமா? பதில் தெரியாத கேள்வி.

விஜயராணி: கேளு.

நிவேந்திரன்: டாக்டர் கிருஷ்ணவேணி மொதல்ல யாரக் கேட்டாங்க?

விஜயராணி: ...செங் வந்துருச்சு. லைட்டு பார்த்துப் போ.

நிவேந்திரன்: உங்களத்தானே?

விஜயராணி: ...ஆமா.

நிவேந்திரன்: ஏன்க்கா போகல?

விஜயராணி: எப்படிப்பா போறது? லைசென்ஸ விடணும், ஆபிஸ மூடணும். நடந்துகிட்டு இருக்கிற கேஸையெல்லாம் யார் தலையில கட்டறது? ஷாமினிக்கு பாதியில வேற எடம் எங்க கெடைக்கும்?

நிவேந்திரன்: ஆசை இல்லாமயா?

விஜயராணி: ஆசையா? நெறைய இருந்துச்சு. படிச்சு முடிச்சப்பவே இருந்துச்சு. அப்பா அப்போ, "இவ்வளவு செலவு செஞ்சு படிக்க வச்சு வாத்தியாரம்மாவா"ன்னாரு. அதோட விட்டுட்டேன். அன்னைக்கு உன் வகுப்பு கதவுக்கு வெளிய நிக்கும்போது... பொறாமையாத்தான் இருந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வந்தா கண்ணு கலங்கும் போல. சரி, அத விடு. பதில் அனுப்பிட்டியா அவங்களுக்கு?

நிவேந்திரன்: இன்னும் இல்ல. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்.

விஜயராணி: என்ன வெளையாடறியா? மணி நாலாகப் போகுது! இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்க? நான்தான் சரின்னுட்டேனே!

நிவேந்திரன்: ஒரு விஷயம் பாக்கி இருக்குக்கா. அது என் கையில இல்ல.

விஜயராணி: யார் கையில இருக்கு? சொல்லு, நான் பேசறேன். ச்சே, இந்த ஃபோன் வேற... மறுபடியும் அந்த இன்சூரன்ஸ்!

நிவேந்திரன்: கட் பண்ணிடாதீங்கக்கா! அது இன்சூரன்ஸ் இல்ல, டாக்டர் கிருஷ்ணவேணியோட செக்ரட்டரி. பிள்ளைங்க கேஸ் நடத்திப் பழகறதுக்கு அங்க ஒரு கோர்ட் ரூம் வச்சிருக்காங்க, அதுல சனிக்கிழமை சனிக்கிழமை ஜட்ஜா உட்கார்ந்து சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணுமாம். வாரத்துல ஒரு நாள்தான். லைசென்ஸ விட வேணாம், ஆபிஸ மூட வேணாம்... அந்த நாற்காலிக்கு உங்களக் கேக்கச் சொன்னேன், நீங்க சரின்னாதான் நானும் சரின்னு இண்டர்வியூலயே சொல்லிட்டேன். நேத்துலேர்ந்து நீங்கதான் எடுக்க மாட்டேங்கறீங்க.