தண்ணி கழிச்ச கொரியன்

...அங்கதான் ஒலகமே தப்புப் பண்ணுது தம்பி. பாஷைய எண்ணிப் படிக்கலாம்னு நெனைக்குது. எண்ணக்கூடாது. நிறுக்கணும். ஒங்க மடியில கொரியன் புத்தகம் இருக்கேன்னுதான் சொல்றேன். ஜெயந்தினி டீச்சர்கிட்டயா? நானும் அங்கதான். பஸ் ஜன்னலச் சாத்துங்க, சாரல் அடிக்கிது. நுவரெலியா போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு.

நான் முத்துலிங்கம், ராகலைப் பக்கம் தோட்டத்துல கணக்கப்புள்ள. கொழுந்து நிறுக்கிறவன். பதினெட்டு கிலோ இருந்தா முழுப் பேர், கொறஞ்சா அரப் பேர், பாதிச் சம்பளம். அதே மாதிரி என் கொரியனுக்கும் ஒரு செக்ரோல், தெனம் கணக்கு எழுதுற புத்தகம், போட்டேன். நாளைக்கிப் பதினெட்டு வார்த்த. ரெண்டு வருசம், ஒரு நாள் விடல.

என்ன? எல்லாரும் அப்பிடித்தான் எழுதி வைக்கிறாங்களா? எழுதுறாங்க தம்பி. யாரு கழிக்கிறா?

கொழுந்துல சாக்குக்குக் கழிக்கிறோம், தண்ணிக்குக் கழிக்கிறோம், இல்லியா? கொரியன்ல வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில ஒரு 'யோ' வருது. மரியாதையாம். அது சாக்கு. அதுக்கு நாளைக்கிப் பதினொண்ணு கழிச்சேன். மழ நாள்ல படிச்ச வார்த்த ஈரத்துல கனமாத் தெரியும், மறுநாள் காஞ்சிரும். அதுக்கு ஆறு கழிச்சேன். எங்க பக்கம் மழ இல்லாத நாள் எது, சொல்லுங்க? அப்பறம் பஸ், டாக்ஸி, கம்பியூட்டர்... கொரியாக்காரங்களும் கிட்டத்தட்ட அப்பிடித்தான் சொல்றாங்க. அதெல்லாம் முத்தல் எல. ஒதுக்கிட்டேன்.

எங்க மலையில கொழுந்தெடுக்கிற மீனம்மா அந்த செக்ரோல எட்டிப் பாத்துட்டு, "எங்க கூடையில கழிச்சுப் பழகுன கை, சொந்தக் கூடைய விடுமாங்க ஐயா?"ன்னா. தராசுகிட்ட நின்ன அத்தன பேரும் சிரிச்சாங்க. நான் பேனாவ எடுத்தேன். அன்னைக்கி அந்த ஆறக் கழிக்கிற வேல பாக்கி இருந்துச்சு.

எங்க வகுப்புல இந்த சஜீவன் இருக்கானே, பஜார்ல செருப்புக் கடக்காரர் மகன், அவன்கிட்ட ஒரு கொப்பி கெடையாது. எவ்வளவுடா தெரியும்னு கேட்டா, "சமாளிப்பேண்ணே"ங்கிறான். சமாளிப்பேங்கிறது ஒரு அளவா? எத்தன கிலோன்னு கேட்டா 'கூடை நெறஞ்சிருக்கு'ன்னு சொல்ற மாதிரி!

விசயம் என்னன்னா, நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல, கொரியாக்காரங்களக் கூட்டிக்கிட்டுப் போயி தேயிலையக் காட்ட ஆள் கேட்டாங்க. ஒரே ஒரு ஆள். எங்க இடைநிலை வகுப்புல யாராவது ஒருத்தருக்கு டீச்சர் கடிதம் குடுக்கணும். பதினாலு வருசம் தராசுப் பக்கத்துல நனைஞ்சாச்சு தம்பி. மழ பேஞ்சா உள்ள போய் நிக்கிற மாதிரி ஒரு வேல. நான் கேட்டது அவ்வளவுதான்.

போன சனிக்கெழம டீச்சர் எங்க ரெண்டு பேரையும் கொரியன்ல பேசச் சொன்னாங்க. சஜீவன் அஞ்சு நிமிசம், அதுல பாதி கைதான் பேசுச்சு. நான் இருவது நிமிசம். கொழுந்து, கவ்வாத்து வெட்டுறது, வாட்டுறது, அரைக்கிறது... நடுவுல ஒரு பகிடி வேற. டீச்சர் சிரிச்சிட்டு, பேனாவ எடுத்துக் கடிதத்துல என் பேரையே எழுத ஆரம்பிச்சிட்டாங்க. 'முத்து' வரைக்கும் எழுதியாச்சு.

நான்தான் தடுத்தேன்.

ஏன்னு கேக்குறீங்களா? செக்ரோலப் பாக்காம எப்பிடி எழுதுறது? "இடைநிலைக்கு ரெண்டாயிரம் வார்த்த வேணும்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர், எனக்குக் கழிவு போக நானூத்திப் பத்துதான்"னு விரிச்சுக் காட்டினேன்.

"அப்ப இவ்வளவு நேரம் பேசினது?"ன்னாங்க.

"அது ஈரம் டீச்சர்"னேன்.

மூணு பக்கம் பொரட்டினாங்க. "கையெழுத்து ஒங்களோடதா?"ன்னாங்க. நாளுக்கு ரெண்டு எடத்துல இருக்குன்னு காட்டினேன். பேனாவ மூடி வச்சிட்டாங்க.

கடிதம் சஜீவன் பேருக்குப் போச்சு, திங்கக்கெழம ஹோட்டல்ல சேந்துட்டான். எனக்கு இன்னைக்கி ஒம்பது மணிக்கு, நானூத்திப் பத்துக்கு ஏத்த ஆரம்ப வகுப்பு. உயிரெழுத்துல இருந்து.