ஒன்பது மணியில் திமிங்கலம்

திமிங்கலம் பார்க்க வருகிறவர்களைப் போல் சொன்ன பேச்சைக் கேட்பவர்களை நான் கண்டதில்லை. பதினோரு வருடமாக ஹூசாவிக் துறைமுகத்தில் இதே படகில் நான் வழிகாட்டி. படகின் முனை பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்பது. மைக்கில் ஒரு மணியைச் சொன்னால் போதும், அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கேப்டன் பெர்க்தோர் உட்பட.

இன்னொரு விதியும் உண்டு. யாராவது தண்ணீரில் விழுந்தால், பார்த்தவர் அவரை நோக்கிக் கை நீட்டியபடியே நிற்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. அலைக்குள் ஒரு தலையைத் தவறவிட்டால் மறுபடி கிடைக்காது.

மூன்று வருடம் முன்பு என் மகன் ஓரி இந்தப் படகிலிருந்து விழுந்தபோது கை நீட்டியவன் ஸ்கூலி. கூட வேலை பார்த்தவன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு திமிங்கலம் எம்பிக் குதித்தது. ஸ்கூலி திரும்பிப் பார்த்தான். ஒரே நொடி. ஓரி கிடைக்கவில்லை.

அதை அவனே என் சமையலறையில் உட்கார்ந்து அழுதபடி சொன்னான். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்றேன். அன்றிலிருந்து என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை மதியமும் அப்படித்தான்.

"என்னம்மா, ரெண்டு மணி நேரமா வெறும் பறவையையே காட்டிட்டிருக்கீங்க? பேசாம நீங்களே குதிச்சு வாலை ஆட்டுங்க. ஜனங்க கை தட்டிட்டுப் போகட்டும்."

"நீ குதிடா. உன் தொப்பையைப் பார்த்தா உடனே நம்பிடுவாங்க."

சிரித்தான்.

குளிரில் நடுங்கிய ஒரு பெண்ணுக்குத் தன் மிதவை அங்கியைக் கழற்றிக் கொடுத்திருந்தான். நல்ல பையன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பறவைகள் சிக்கிச் சாகும் என்று, மிதந்து வரும் வலைத்துண்டு எதையும் விடமாட்டான். அப்படி ஒன்றைக் கொக்கியால் எடுக்க வலப்பக்கம் குனிந்தான். படகு சாய்ந்தது. அவன் விழுந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

நான் தள்ளவில்லை. மைக்கை எடுத்து, "ஒன்பது மணி. திமிங்கலம்," என்றேன்.

எல்லோரும் இடப்பக்கம் ஓடினார்கள். பெர்க்தோர் படகையும் அங்கேயே திருப்பினார். அங்கே ஒன்றுமில்லை. "அம்மா" என்று ஸ்கூலி கூப்பிட்டது எஞ்சின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. நான் பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றேன். தண்ணீரில் தலை தெரிந்த வரைக்கும் நின்றேன். அதன் பிறகுதான் ஆளைக் காணோம் என்று பெர்க்தோரிடம் சொன்னேன்.

விசாரிக்க வந்த நீங்கள் இதைப் பழிவாங்கல் என்கிறீர்கள். கை நீட்டவில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிவரை அவன்மேல் வைத்த கண்ணை நான் எடுக்கவில்லை. என் ஓரிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.