வெள்ளைமீன் சாப்பிடப் பறந்தவர்கள்

அந்த ஓட்டலில் வெள்ளைமீன் வறுவல் நன்றாக இருக்கும், செர்ரிப் பழம் வைத்துச் சுடுகிற பை சுமார்தான். விசாரணை முடியும்வரை நீங்கள் ஹார்கன் பாயிண்டில்தான் தங்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்லி வைக்கிறேன். மீன் அன்றன்றைக்குப் பிடித்தது. அந்தப் பையை ஓட்டல்காரி லவோன் முந்தின நாளே சுட்டு வைத்துவிட்டு, கேட்டால் இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தேன் என்பாள்.

எங்கள் சங்கத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமைதோறும் ஏழெட்டுச் சின்ன விமானங்களில் கிளம்பி, மிச்சிகன் ஏரிக்கரையில் எங்கே ஓடுபாதையும் பக்கத்திலேயே சமையல்கட்டும் இருக்கிறதோ அங்கே இறங்குவோம். நாற்பது நிமிஷம் பறந்து, மீன் வைத்த ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டு, நாற்பது நிமிஷம் திரும்பிப் பறப்போம். அதே ரொட்டி எங்கள் ஊரிலும் கிடைக்கும். பல் டாக்டர், ஓய்வுபெற்ற நீதிபதி, படகு வியாபாரி என்று எல்லாம் பெரிய மனிதர்கள். வயிற்றைச் சாக்காக வைத்து ஆகாயத்தில் ஊர்சுற்றும் கூட்டம், அவ்வளவுதான். அதில் விமானத்தைப் பற்றி ஏதாவது தெரிந்தவன் நான் ஒருவன். முப்பத்தொரு வருஷம் விமான மெக்கானிக்காக இருந்தவன். பத்தொன்பது வருஷமாகச் சங்கத்தின் பாதுகாப்பு அதிகாரியும் நான்தான்.

பாதுகாப்பு அதிகாரி என்றால் பட்டயம், சம்பளம் எதுவும் கிடையாது. மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து போய் அவரவர் விமானத்தைச் சுற்றி வருவேன். சக்கரத்தில் காற்று இருக்கிறதா, பெட்ரோல் டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். குறை இருந்தால் வந்து சொல்வேன். நன்றி சொல்வார்கள். நான் திரும்பியதும் சிரிப்பார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஹார்கன் பாயிண்ட் ஓட்டலுக்கு முன்னால் மரமேடை ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நேர் கீழே புல்தரையில் விமானங்களை நிறுத்துவோம், அதற்கு அப்பால் ஓடுபாதை, ஓடுபாதை முடிகிற இடத்தில் ஏரி. முதலில் இறங்கியவர்கள் மேடையில் உட்கார்ந்து, பின்னால் வருகிறவர்கள் இறங்கும் அழகுக்குக் காகிதத் தட்டில் மதிப்பெண் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். பத்துக்கு எனக்கு எப்போதும் ஒன்பது. டெல்மர் கைப்பர் மூன்று துள்ளு துள்ளி, குறுக்கே போய், எப்படியோ நிற்பான். தட்டுகளில் மூன்றும் நான்குமாக இருக்கும். அவன் இறங்கி வந்து மேடையைப் பார்த்து இடுப்பை வளைத்துக் கும்பிடு போடுவான். எல்லாரும் கைதட்டுவார்கள். அவனுக்கு நாற்காலி தயாராக இருக்கும். ஒன்பது வாங்கியவனுக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை.

இந்த டெல்மர்தான் படகு வியாபாரி. ஐம்பத்திரண்டு வயது, உரத்த குரல், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. பதினொரு வருஷமாக அவனைக் கவனித்திருக்கிறேன். விமானம் கிளம்பும் முன் ஒவ்வொரு இறக்கைக்கும் கீழே குனிந்து, அங்கே இருக்கும் சின்ன வால்வை அழுத்தி, பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடிக் கோப்பையில் பிடித்துப் பார்க்க வேண்டும். டேங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அடியில் தனியாகத் தெரியும். அந்தத் தண்ணீர் இயந்திரத்துக்குப் போனால் இயந்திரம் நின்றுவிடும். பறக்கக் கற்றுக்கொள்ளும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். டெல்மர் குனிந்து நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "நம்ம ஊர்ல எங்க பெரியவரே மழை பேஞ்சுது?" என்பான். குதிரையைத் தட்டுவதுபோல் இறக்கையை ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறிவிடுவான். இயந்திரத்துக்கு இடது டேங்கிலிருந்து பெட்ரோல் போகும்படி திருப்பி வைத்துவிட்டால், வலது பக்கம் ஒன்று இருப்பதே அவனுக்கு நினைவிருக்காது. அப்படி ஒரு மனிதன் பதினொரு வருஷம் உயிரோடு இருந்தது எனக்கு அநியாயமாகத்தான் பட்டது.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எழுத நினைத்ததை உங்கள் முகத்தில் பார்த்தேன். பொறாமைப்பட அவனிடம் என்ன இருக்கிறது?

என் அக்கா ட்ரூடி பதினெட்டுக் கோடைக்காலம் என் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வந்தவள். கணவர் போன பிறகு என் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தாள். மிதவை ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள், ஏனென்றால் அது இல்லாமல் நான் ஏரிக்கு மேல் யாரையும் ஏற்றுவதில்லை. அவளுக்கு ஒரே குறை, கிளம்பும் முன் நான் சோதனைப் பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது. "நீ இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த மீன் முட்டை போட்டுக் குஞ்சு பொரிச்சிடும்டா" என்பாள். அக்கா என்பதால் பொறுத்துக்கொண்டேன். அந்தப் பேச்சை மேடையிலும் சொல்லிச் சிரிக்க வைத்தாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை இந்த வருஷத்தின் முதல் பயணம். ஏரியில் ஐஸ் உருகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மீன் சாப்பிட்டு முடித்ததும் சங்கத் தலைவர் லெமுவல் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். நீதிபதியாக இருந்தவர், இன்னும் எதையும் தீர்ப்பு மாதிரிதான் சொல்வார்.

"ஹார்லன் பத்தொம்பது வருஷமா மாங்கு மாங்குன்னு பாத்துட்டாரு. அவருக்குக் கொஞ்சம் ஓய்வு குடுப்போம். இந்த வருஷத்துலேர்ந்து பாதுகாப்பு அதிகாரி டெல்மர். என்ன சொல்றீங்க?"

"எனக்கா?" என்றான் டெல்மர். "எனக்கே பாதுகாப்பு கிடையாதே சார்."

மேடையே குலுங்கிச் சிரித்தது. பல் டாக்டரின் மனைவி, "அதனாலதான் உனக்குக் குடுக்கறோம். நீ சொன்னா கேக்க இதமா இருக்கும். ஹார்லன் வந்து நின்னாலே எனக்குப் பல்லு வலிக்குது" என்றாள். பல் டாக்டரின் மனைவி.

கைகளை உயர்த்தினார்கள். எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை, எல்லாக் கையும் மேலே இருந்தது. ட்ரூடியின் கையும் இருந்தது. என்னைப் பார்க்காமல் உப்புப் புட்டியைப் பார்த்துக்கொண்டே உயர்த்தினாள். டெல்மர் மேசையைச் சுற்றி என்னிடம் வந்து, "பெரியவரே, நீங்கதான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுக்கணும்" என்று என் தோளைத் தொட்டான். எத்தனை திமிர் இருந்தால் ஒரு மனிதன் அப்படிச் சொல்வான் என்று நினைத்தேன்.

நான் எழுந்து விமானங்களைப் பார்க்கப் போனேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக மற்றவர் விமானத்தில் தலையை நுழைத்துப் பார்க்கிற கிழவனை யார் கவனிப்பார்கள்? என் விமானத்தில் முன்கண்ணாடி கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கும். டெல்மருடைய மஞ்சள் விமானத்துக்கு இறக்கை தாழ்வு, மூடி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. இடது மூடியைத் திறந்து ஊற்றினேன். அதிகமில்லை. பதற்றமும் இல்லை. மூடியைச் சரியாக இறுக்கினேன், அவன் ஒருநாளும் சரியாக இறுக்கியதில்லை.

இதைக் கொலை என்று நீங்கள் சொல்வீர்கள். நான் பரீட்சை என்று சொல்கிறேன். விமானம் ஓட்டத் தெரிந்த எவனும் அரை நிமிஷம் குனிந்து பார்த்தால் தேர்ச்சி பெறக்கூடிய பரீட்சை. தண்ணீர் கோப்பையில் தெரிந்திருக்கும், அவன் வெளுத்துப் போயிருப்பான், மேடையில் இருந்தவர்கள் யாரை மாற்றினோம் என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். மிச்சம் அவன் கையில் இருந்தது.

திரும்பி வந்து பை சாப்பிட்டேன். அப்போதுதான் ட்ரூடி சொன்னாள்: "டேய், இன்னிக்கு நான் டெல்மரோட போறேன். புது அதிகாரி எப்படி ஓட்டறான்னு பாக்கறேன்."

"வாங்கக்கா, வாங்க" என்றான் டெல்மர். "உங்க தம்பி பட்டியலை மூடறதுக்குள்ள உங்களை வீட்ல இறக்கி காபியும் குடிக்க வச்சிடறேன்."

இது நான் போட்ட கணக்கில் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். அவள் காபியை முடித்து, லவோனிடம் செர்ரிப் பை கட்டி வாங்கி, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு படியிறங்கப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பதினைந்து நிமிஷமும் நான் யோசித்தேன், யோசிக்காமல் இருக்கவில்லை. என்னவென்று சொல்வது? அந்தக் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, டேங்கில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் என்றா? அதற்குப் பிறகு அந்த மேடையில் நான் எப்படி உட்காருவது? அதோடு, பக்கத்தில் இன்னொரு உயிர் உட்காரும்போதுகூடக் குனிந்து பார்க்காதவன் எப்படிப்பட்டவன் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டாமா? என்னோடு வா அக்கா என்று மட்டும் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். கெஞ்சுவதுபோல் இருந்திருக்கும். அவள் கையை உயர்த்தி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். டேங்கைச் சோதிக்காமல் கிளம்பினான், மேடையில் இருந்த அத்தனை பேரும் அதற்குச் சாட்சி. ஓடுபாதையின் முடிவைத் தாண்டி, தண்ணீருக்கு மேல் முந்நூறு அடி உயரம் போயிருப்பான். இயந்திரம் இருமியது, பிறகு சத்தமே இல்லை. இறக்கியதை ஓரளவு நன்றாகத்தான் இறக்கினான், நான் ஐந்து கொடுத்திருப்பேன். படகு போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஐஸ் மாதிரி இருந்த அந்தத் தண்ணீரில் பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தாலே பெரிது. ட்ரூடி தன்னுடையதை என் விமானத்திலேயே கழற்றிப் போட்டிருந்தாள்; அவன் விமானத்தில் ஒரே ஒரு மிதவை ஜாக்கெட்தான் இருந்தது, அதை ட்ரூடிக்குப் போட்டுவிட்டிருந்தான். வாரைத் தப்பாகக் கட்டியிருந்தான். அவளைக் கரைக்குக் கொண்டுவந்தபோது நான்தான் அதை அவிழ்த்தேன். என் அக்கா மேல் எனக்கு ரொம்பப் பிரியம். சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தால் இப்போதும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

கட்டைவிரலைப் பற்றிக் கேட்கிறீர்கள். லவோன் பார்த்துவிட்டாளாக்கும். பை சுடத் தெரியாவிட்டாலும் கண் மட்டும் கூர்மை.

சரி. அதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரூடி ஏறுவதற்கு முன்னால் டெல்மர் இடது இறக்கைக்குக் கீழே குனிந்தான். கையில் சோதனைக் கோப்பை. புதிது, கடைச்சீட்டைக்கூட உரிக்கவில்லை. லெமுவல் முன்கூட்டியே காதில் போட்டிருப்பார், இவன் போய் வாங்கி வைத்திருக்கிறான். நான் மேடையின் கைப்பிடி ஓரமாக நின்றிருந்தேன், அவர்கள் எனக்கு நேர் கீழே இருந்தார்கள்.

"என்னடா, நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் ட்ரூடி.

"அதிகாரி ஆயிட்டேனேக்கா. மொத நாளே உங்க தம்பிகிட்ட வாங்கிக் கட்டிக்கணுமா?"

"அவன் அப்பவே பாத்திருப்பான்டா. நீங்கள்லாம் பல்லைக் காட்டிட்டு இருந்தப்ப அவன் இங்கதான் நின்னுட்டிருந்தான்." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "டேய் ஹார்லன், இதைப் பாத்துட்டியா? சரியா இருக்கா?"

கோப்பை வால்வுக்கு இரண்டு அங்குலம் கீழே இருந்தது. அவனும் என்னைப் பார்த்தான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

"பெரியவர் பாத்தா அப்புறம் என்ன" என்று சொல்லிக் கோப்பையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என்னைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு அவளுக்குக் கை கொடுத்து ஏற்றினான்.

வேறு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். மேடை முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவன் குனிந்து சோதித்திருந்தால், பதினொரு வருஷமாக நான் அவனைப் பற்றிச் சொல்லிவந்தது அத்தனையும் பொய் என்று ஆகியிருக்கும்.