முழங்கால் வலி என்று சொல்லி ஓய்வு பெறும் எங்கள் டாக்டரம்மாவுக்கு

கைபிடித்து நாடி பார்த்துக் கலங்கி வந்தோரின் கண்ணீர் துடைத்த கருணைக் கடலே! காய்ச்சல் கண்ட வீடுகளுக்கெல்லாம் கண்ணுறங்காக் காவலே! ஊர்க்கதை பேசிக்கொண்டே ஊசியைப் போட்டு, போட்டதே தெரியாமல் வீட்டுக்கு அனுப்பும் உத்தமியே! மாத்திரை கேட்டு வந்தவரை "மாத்திரை எதுக்கு? போய் நல்லாத் தூங்கு, சரியாப் போயிடும்" என்று விரட்டிவிடும் மருத்துவ மாமணியே! வணக்கம்.

இந்த அடைமொழிகளை எழுதித் தந்தவர் நம் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் அண்ணன். இன்னும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். வாசிக்கப் போவது நர்ஸாகிய நான் என்பதால் பாதியை வெட்டிவிட்டேன். "பாராட்டு மடல்னா பாராட்டணும்மா, பஞ்சாயத்து வைக்கக் கூடாது" என்று அவருக்குக் கோபம். இதில் இரண்டும் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால், மாலையும் கையுமாக உங்கள் முன் நிற்கும் நாங்கள் மூவரும், அதாவது நான், அண்ணன், கூட்டிப் பெருக்கும் அக்கா, உள்ளுக்குள் பயந்துகொண்டு நிற்கிறோம். உங்கள் மூச்சு சரியில்லை, அம்மா. அது எங்களுக்குத் தெரியும். தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும்.

அஞ்சாமையின் அணிகலனே! கொள்ளைநோய் ஊருக்குள் கால்வைத்த காலத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். தெருவெல்லாம் தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்குப் பின்னெல்லாம் இருமல். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ என்று கேட்டவரெல்லாம் சமைப்பதை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். உறவு உறவைத் தொட அஞ்சியது. பெற்றவரை வழியனுப்பப் பிள்ளைக்கு வழியில்லாமல் போனது. பேர்பெற்ற டாக்டர்கள் சிலர் பெயர்ப்பலகை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். உயிர் யாருக்குத்தான் கசக்கும்?

நீங்களோ, உங்கள் வீட்டுக்காரரான சாரை மாடியில் உட்காரவைத்துவிட்டு, கீழே இரண்டே அறை கொண்ட இந்தக் கிளினிக்கில் பாயும் தலையணையுமாகக் குடியேறினீர்கள். பரிசோதிக்கும் மேசையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, கம்பிக்கு உள்ளே நீங்கள், கம்பிக்கு வெளியே தெரு என்று ஆக்கினீர்கள். பால்கனியிலிருந்து சார் கயிறு கட்டிய கூடையில் சாப்பாடு இறக்குவார். கூடையோடு திட்டும் இறங்கும். "பிடிவாதக்காரி, மேல வந்து தொலையேன்" என்பார். "வந்தா உங்களுக்கும் சேர்த்து நான்தான் வைத்தியம் பாக்கணும். சும்மா இருங்க" என்பீர்கள். தெரு அடங்கிக் கிடந்ததால் புருஷன் பெண்டாட்டிச் சண்டை கடைசி வீடு வரை கேட்டது. அடைந்து கிடந்தவர்களுக்கு அதுதான் அன்றைய பொழுதுபோக்கு.

ஜன்னல் வரை நடந்து வர முடியாதவர்களுக்குத் தொலைபேசி. யார் அழைத்தாலும் நீங்கள் காய்ச்சலைப் பற்றி முதலில் கேட்க மாட்டீர்கள். "இன்னைக்கு வீட்டுல என்ன சமையல்? அடுப்பு பத்த வச்சதிலேருந்து நிறுத்தாமச் சொல்லுங்க பாப்போம்" என்பீர்கள். அவர்கள் காய் நறுக்கியதையும் தாளித்ததையும் உப்பு கூடிப் போனதையும் சொல்லச் சொல்ல, நீங்கள் கண்ணை மூடிக் கேட்பீர்கள். எங்களையும் பக்கத்தில் நிறுத்தி, "சொல்ற கதையக் கேக்காத. எந்த இடத்துல நிறுத்தி மூச்சு வாங்குறாங்கன்னு கேளு" என்று காதைப் பழக்கினீர்கள். தாளிப்பு வரை வந்து திணறியவரை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள். சாப்பிட்டு ஏப்பம் விட்டது வரை ஒரே மூச்சில் சொன்னவரை, "உனக்கு ஒண்ணும் இல்ல, ஃபோன வை, அடுத்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்று அதட்டினீர்கள்.

இது வைத்தியம் என்று ஊருக்கு எப்படித் தெரியும்? டாக்டரம்மா வீடு வீடாகச் சமையல் விசாரிக்கிறார், பாவம், பட்டினி கிடக்கிறார் போல என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. விடிந்து பார்த்தால் ஜன்னல் திண்டில் டிபன் கேரியர்கள் வரிசைகட்டி நின்றன. சாருக்கு மானமே போயிற்று. "நான் கூடையில இறக்குறது என்ன களிமண்ணா?" என்று பால்கனியிலிருந்து கத்தினார். பயத்தில் உறைந்திருந்த எங்களுக்கு அன்றுதான் சிரிப்பு என்று ஒன்று வந்தது. உண்மை விளங்கிய பிறகும் ஒருவரும் கேரியரை நிறுத்தவில்லை.

எதிர்வீட்டுத் தையற்காரர் விஷயம் ஊரறியும். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், அன்றைக்கு ஃபோனில் "நல்லா இருக்கேம்மா" என்பதற்கு மேல் பேச மறுத்தார். போனவர்கள் திரும்பாத ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்கு அவ்வளவு பயம். நீங்கள் ஜன்னலைத் திறந்து, தெருவைத் தாண்டி அவர் வீட்டைப் பார்த்துக் கத்தினீர்கள்: "பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். எனக்கே பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டே போங்க. பயம் தெளிஞ்ச பிறகு போகலாம்னு உட்கார்ந்திருந்தா அதுக்குள்ள மூச்சு போயிடும்." அழுதுகொண்டே ஆம்புலன்ஸில் ஏறினார். பிழைத்து வந்தார். இதோ முன்வரிசையில் உட்கார்ந்து, நான் அவரைப் பற்றிச் சொல்வது பிடிக்காமல் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்பின் அருவியே! அடுத்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒருநாள் காலை உங்கள் அறைக் கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்து ஃபோன் செய்தேன். "அம்மா, இன்னைக்கு என்ன சமையல்?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். "ஏதோ" என்றீர்கள். அரை மணி நேரம் பேசினாலும் அடங்காத வாய், ஒரே ஒரு சொல்லோடு நின்றது. "எப்படிச் செஞ்சீங்க, சொல்லுங்க" என்றேன். மறுமுனையில் பேச்சே இல்லை. மூச்சு மட்டும், கிழிந்த துணியை இழுப்பது போலக் கேட்டது. அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன். அண்ணன்தான் தாழ்ப்பாளை உடைத்தார். கூட்டிப் பெருக்கும் அக்கா உங்களைக் குழந்தைபோலத் தூக்கி வந்து வண்டியில் கிடத்தினார். தொற்றிக்கொள்ளுமே என்ற நினைப்பு அவருக்கு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாராம்.

நீங்கள் மீண்டு வந்தீர்கள். ஊர் கொண்டாடியது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வார்டைப் பற்றி எங்களிடம் ஒரே ஒரு முறைதான் பேசினீர்கள். பக்கத்துக் கட்டிலில் தன் பேத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்த ஒரு பாட்டிக்குப் பாதிப் பேச்சில் மூச்சு நின்றுபோனதைச் சொன்னீர்கள். "செத்தாலும் அந்தப் பக்கம் இனிமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றீர்கள். எத்தனையோ பேரைப் பேசிப் பேசி அங்கே அனுப்பிய நீங்கள் அப்படிச் சொன்னபோது எங்களுக்குப் பகீரென்றது.

கடந்த குளிர்காலம் தொட்டுப் பார்க்கிறோம். அடுத்த நோயாளியைக் கூப்பிட, தெருவுக்கே கேட்கக் குரல் கொடுத்தவர், இப்போது விரலால் சைகை செய்கிறீர்கள். மாடிப்படியில் பாதியில் நின்று, குழாய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்கிறீர்கள். அங்கே குழாயே கிடையாது. கேட்டால் முழங்கால் வலி, அதனால்தான் ஓய்வு பெறுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள். அம்மா, இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் முழங்காலுக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. கேட்கப் பழக்கிய காதையே ஏமாற்றப் பார்க்கிறீர்களே, இது உங்களுக்கே நியாயமா?

சாரிடம் போய் முறையிட்டோம். "கல்யாணமான நாள்லேருந்து நான் சொல்லி எதைக் கேட்டிருக்கா? தனியாச் சொன்னா உங்களையும் விரட்டிடுவா. கூட்டத்துல வச்சுச் சொல்லுங்க, தப்பிக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாடியில் உங்களுக்குப் பக்கத்தில் படுத்து, நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறாராம். அந்த மனிதர் இப்படி இளைத்துப்போனதற்குக் காரணம் சர்க்கரை நோய் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே, ஆருயிர் அன்னையே! நீடூழி வாழ்க, நோயின்றி வாழ்க என்று நாலு வரி வாசித்து, சால்வை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட மடலைக் கையில் கொடுத்து அனுப்புவது சுலபம். அப்படி வாயால் வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன எங்களால் முடியாது. நுரையீரல் டாக்டரிடம் இன்றைக்கே நேரம் வாங்கியிருக்கிறோம். ஆம், அதே ஆஸ்பத்திரிதான்; நல்ல டாக்டர் அங்கேதான் இருக்கிறார், நாங்கள் என்ன செய்ய? அக்கா உங்கள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார். வண்டி வாசலில் நிற்கிறது. சார் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டார்; அதனால்தான் மேடையில் அவர் நாற்காலி காலியாக இருக்கிறது.

அங்கே என்ன சொல்வார்களோ, எங்களுக்குத் தெரியாது. நல்லதே சொல்வார்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லி அண்ணன் கெஞ்சினார். தெரியாததை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒருவேளை அங்கேயே இருக்கச் சொன்னால், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாங்கள் முறை வைத்து உட்காருவோம். நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்வோம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது உங்கள் ஏற்புரை என்று போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டோம். இத்தனை பேர் முன்னால் நீங்கள் பேசத் தொடங்கி, பாதியில் நின்று தவிப்பதை எங்களால் பார்க்க முடியாது.

எழுந்து வாருங்கள், அம்மா. அவசரமில்லை, மெதுவாகவே வாருங்கள். நடுவில் நிற்க வேண்டியிருந்தால் நில்லுங்கள். யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்களோடு வண்டியில் வரும் நர்ஸ்,
நீங்கள் திரும்பும் வரை கிளினிக்கைப் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து கொடுப்பவர்,
வேண்டுமானால் இன்னொரு முறையும் உங்களைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கூட்டிப் பெருக்குபவர்.