கை எட்டுகிற ஆழம் போதும், தலைவரே!

ஆயிரம் அடி ஆழத்தில் ஒளிந்த தண்ணீரையும் அதட்டி மேலே அழைத்து வருகிற போர்வெல் ரிக் லாரி வேந்தரே, இந்த அவையின் தலைவரே, என் தங்கை மைதிலியைக் கட்டியதால் என் கிண்டலுக்கு ஆயுள் கைதியான மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களே! அவர் தலைமையைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வெங்காயத் தோலும் வாழைக்காய்த் தோலும் கையிலேந்தி, 'இதை எங்கே கொட்ட' என்று ஏங்கும் தாய்மார்களே! போண்டா வாசம் பிடித்து வந்த இளஞ்சிங்கங்களே! அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து தப்பித்த, லாரிக்குப் பாடி கட்டுகிற ராசுவின் வணக்கம்!

நம் தெருவுக்கு, சமையல் குப்பையை மக்கவைக்கும் உரத் தொட்டி வேண்டும். எத்தனை வேண்டும்? எவ்வளவு பெரிதாக வேண்டும்? தலைவர் சற்றுமுன் முழங்கினார்: "தெருக்கோடியில ஒண்ணே ஒண்ணு, ரிக் லாரி ஒசரத்துக்கு!" நீங்களும் கைதட்டினீர்கள். அவர் வீட்டுத் தொட்டியின் வரலாற்றைக் கேட்ட பிறகும் தட்டுவீர்களா?

சமையல் எண்ணெய் வந்த இரும்பு டிரம் மூன்று. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, தன் ரிக் பட்டறையிலேயே ஒட்டவைத்து, மதிலோரம் நிறுத்தினார் மாப்பிள்ளை. தொட்டியா அது? கோபுரம்! குப்பை போட ஏணி! ஏன் இத்தனை உயரம் என்று கேட்டேன். "ஆழம் போகப் போகத்தானுங்க மச்சான் சரக்கு" என்றார்.

தண்ணீர் ஆழத்தில் இருக்கும், தலைவரே. உரத்துக்குக் காற்றல்லவா வேண்டும்! கிளற ஒரு கை எட்டியதா? ஈரம் வடிய ஒரு துளை இருந்ததா? அடியில் அழுகியது. கறுப்புத் தண்ணீர் கசிந்தது. கசிந்து எங்கே போனது? மதிலுக்கு அந்தப்புறம், ரஹமத் பீவி அக்காவின் சன்னலடிக்கு!

சாதாரணச் சன்னலா அது? இந்தப் பக்கமிருந்து கம்பு தோசை போகும். அந்தப் பக்கமிருந்து கறிக்குழம்பு வரும். மைதிலிக்கு வாய்விட்டுச் சிரிக்க இருந்த இடமே அதுதான். அந்தச் சன்னல் சாத்திக்கொண்டது. குழம்பு நின்றது, பேச்சு நின்றது, என் தங்கையின் சிரிப்பும் நின்றது.

என்ன தம்பி? குழம்பு நின்றதில் மச்சானுக்கும் வருத்தமா என்றா கேட்கிறாய்? பின்னே இல்லையா!

ஒருநாள் மைதிலியே மதிலோரம் போய், "அக்கா, கோவமுங்களா?" என்று கூப்பிட்டாள். சாத்திய சன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது: "மூணு பேருக்குச் சோறாக்க, கல்யாண தேக்சாவ யாராச்சும் அடுப்புல ஏத்துவாங்களா கண்ணு?"

அவ்வளவுதான்! மைதிலி என்னைக் கூப்பிட்டாள். கோபுரம் சாய்ந்தது. அதே டிரம்கள், ஆனால் தனித்தனியாக மூன்று. சுற்றிலும் துளை, அடியிலும் துளை. குப்பை ஒரு பிடி என்றால் காய்ந்த சருகு இரு பிடி. ஒன்று தின்னும், ஒன்று செரிக்கும், ஒன்று கொடுக்கும்! மூன்றுமே இடுப்பளவு, மூன்றுமே கை எட்டுகிற ஆழம்.

நாற்றம் போனது. மழை வாசம் வந்தது. போன மாதம் ஒரு காலையில் அந்தச் சன்னல் திறந்தது. குழம்புக் கிண்ணம் முதலில் வந்தது, குரல் பின்னால் வந்தது: "மைதிலி, அந்த மூணாவது டிரம்முல ஒரு கூடை அள்ளிக் குடு. எம் பொண்ணு அஸ்பியா கல்யாணத்துக்கு மருதாணிச் செடி தழையோணும்."

என் தங்கை சிரித்த சிரிப்பு எங்கள் பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும்!

இப்போது சொல்லுங்கள். தெருக்கோடியில் பூதம்போல ஒரு தொட்டி நின்றால், தெருக்கோடியில் இருப்பவர்கள் சன்னலைச் சாத்த வேண்டாமா? வீட்டுக்கு வீடு, தின்கிற வாய்க்குத் தக்க சின்னத் தொட்டி போதாதா? உங்கள் கை எட்டுமா, எட்டாதா?

எட்டும் என்கிறீர்கள்! தலைவர் மைக்கைப் பிடுங்குகிறார்...

"செரிங்க மச்சான், ஊட்டுக்கு மூணு. ஓட்டை போடறது உங்க பொறுப்பு!"

போடுகிறேன், மாப்பிள்ளை! தாய்மார்களே, டிரம்மைக் கொண்டு வாருங்கள். வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டுப் பக்கமுள்ள சன்னலைத் திறந்து வையுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், குழம்புக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.