மூன்றாவது சாட்சி

ஹலோ... ஆங், எழிலு, சொல்லும்மா. ... இல்ல இல்ல, பூசை முடிஞ்சிருச்சு. இப்பத்தான் அங்கியக் கழட்டிட்டு வந்து உக்காந்தேன். ... ஏன் மூச்சு வாங்குது? எங்க இருக்க? ... ரிஜிஸ்டர் ஆபீஸ்லயா? இன்னைக்கா? கல்யாணம் வெள்ளிக்கிழமைன்னுல்ல சொன்ன?

ம்... ம்... அப்பா என்ன பண்ணாரு? ... வாசல் வரைக்கும் வந்தாரா? ... கையெழுத்துன்னதும் திரும்பிப் போயி பஸ் ஏறிட்டாரா... திட்டுனாரா? ... உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா. அதான் அவரு.

ஆமா... ஆமா, புரியுது. சாட்சி மூணு பேரு வேணும். மாப்ள இளவழகனோட அண்ணன், அண்ணி ரெண்டு பேரு இருக்காங்க. மூணாவது அப்பா. ... ம். இப்ப அவரும் இல்ல.

... என்னது?

... நானா?

எழிலு... இரு, இரு. நான் சொல்றதக் கேளு. ... தூரமெல்லாம் இல்லம்மா, இங்கேருந்து கும்மோணம் அரை மணி நேரம், வண்டி வாசல்லதான் நிக்குது. விஷயம் அது இல்ல. ... நான் உன் அண்ணன்தான். யாரு இல்லன்னா? ஆனா இந்த ஊரு மாதா கோயிலுக்கு நான் பங்குச் சாமியாரு. ... பிஷப்புக்குப் பயந்தா? ... ஆமா, பயமும்தான். ஆனா அது மட்டும் இல்ல. போன மாசம் நம்ம பங்குப் பொண்ணு ஒண்ணு இதே மாதிரி வந்து நின்னுச்சு. முடியாதும்மான்னு அனுப்பி வச்சேன். அது அழுதுகிட்டே வரப்புல நடந்து போனத ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணுக்கு இல்லாதது என் தங்கச்சிக்கு மட்டும் எப்படிம்மா?

... யாரு, சகாயராஜா? அவன் பண்ணது துரோகம். நான் எப்ப இல்லன்னு சொன்னேன்? கைக்குழந்தையோட உன்ன விட்டுட்டு திருப்பூர்ல போயி இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான். தெரியும்மா. ... கோர்ட்டுல விவாகரத்து ஆச்சு, சரி. கோர்ட்டு அறுத்து விட்டத திருச்சபை அறுந்ததா எடுத்துக்காதே. சபையப் பொறுத்தவரைக்கும் நீ இன்னமும் அவன் பொண்டாட்டிதான். ... கத்தாத. கத்தாதம்மா, ஆபீஸ்ல ஆளுங்க இருப்பாங்க. ... நான் போட்ட சட்டமா இது?

ஒரு வழி இருந்துச்சு. அந்தக் கல்யாணம் மொதல்லேருந்தே செல்லாதுன்னு நிரூபிச்சிருக்கணும். சாமியாருங்க உன்னக் கூப்பிட்டு விசாரிச்சாங்கள்ல? நீ என்ன சொன்ன? மனசாரத்தான் தாலி கட்டிக்கிட்டேன், மொத மூணு வருஷம் நல்லாத்தான் வாழ்ந்தோம்னு சொல்லிட்டு வந்துட்ட. ... இல்லம்மா, பொய் சொல்லச் சொல்லல. ... இல்ல, நீ பண்ணது தப்பே இல்ல. ... ஆமா. உண்மையச் சொன்னதாலதான் இப்ப இப்படி நிக்கிற. எனக்கு மட்டும் தெரியாதா?

... பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கிக்கிறியா? ... பண்ணலாம். ஆனா இனிமே பண்ண மாட்டேன்னு சொல்லணுமே. நீ சாயந்திரம் இளவழகன் வீட்டுக்குத்தான போகப் போற? ... கொலைகாரனுக்கு உண்டு. ... ஆமா, அவனுக்கு மன்னிப்பு உண்டு. ... ஏன்னா அவன்... செத்தவன் செத்தாச்சு, இனிமே யாரையும் கொல்ல மாட்டேன்னு சொல்லி அழுதுடுறான்... ... சிரிக்காத எழிலு. நீ இப்படிச் சிரிக்கிறதுக்கு அழுதுடலாம்.

... இளவழகன் நல்லவருன்னு எனக்குத் தெரியாதா? நம்ம கோயில் மோட்டார மழையில நனைஞ்சுகிட்டு சரி பண்ணிக் கொடுத்த மனுஷன். அவரு மேல எனக்கு என்ன கோவம்?

... வதனிக்குப் புதுநன்மையா? அதுக்கென்ன? அடுத்த மாசம் நான்தான் உன் பொண்ணுக்கு அந்த மொத அப்பத்தக் கொடுக்கப் போறேன். ... நீ தாராளமா வரலாம். முன்னாடி பெஞ்சுலயே உக்காரலாம். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ... ஆனா நன்மை அப்பம் நீ வாங்க... வாங்க முடியாது. ... அவ திரும்பிப் பாப்பா. ஆமா. ... கேட்டா? கேட்டா என்ன சொல்றது... தெரியல எழிலு. சத்தியமா எனக்குத் தெரியல.

... ஹலோ? யார்கிட்ட பேசுற? ... யாரு? மாலை வித்த அம்மாவா? ... அவங்க எதுக்கு... சாட்சிக்கா? ... உன்ன முன்னப் பின்ன தெரியுமா அவங்களுக்கு? ... ம்... நீ அழுவுறதப் பாத்துட்டு அவங்களே வந்து கேட்டாங்களா... பேரென்ன? ... பொன்னுத்தாய். ... ஆதார் கார்டு இருக்கான்னு கேட்டியா? ... பூக்கூடையிலயே வச்சிருக்காங்களா? ... நல்லது. நல்லதும்மா. ... இல்ல, தப்பிச்சோம்னு நெனைக்கல. ... என் குரலுக்கு என்ன? ... எழிலு, அப்படிச் சொல்லாத. இரு, நான் இப்பவே கெளம்பி... ஓரமா நின்னு பாத்துட்டாவது... ... சரி. ... சரிம்மா. வரல.

... போன யார்கிட்ட கொடுக்குற? ... ஆங், வதனி! தங்கம், சாப்பிட்டியா? ... பட்டுப் பாவாடையா? என்ன கலரு? ... அட, எலுமிச்சம்பழக் கலரா! ... மாமாவுக்கு இங்க வேல இருக்குடா. ... ஆமாடா, நெறைய வேல. ... என்ன? மெதுவாப் பேசாத, சத்தமாச் சொல்லு. ... யாரு சொன்னா அப்படி? ... தாத்தாவா? பஸ் ஏறும்போதா?

... இல்லடா. அம்மா பாவம் ஒண்ணும் பண்ணல. ... ஆமா, நான்தான் சொல்றேன். ... அழக் கூடாது.

... என்ன கேட்ட? ... மாமாவாச் சொல்றேனா, சாமியாராச் சொல்றேனாவா?

...

ஹலோ? வதனி? ... கேக்கலடா... வெட்டி வெட்டி வருது... இங்க டவர் இல்ல போலருக்கு... மாமா அப்புறம் பேசுறேன், என்ன? ... ஹலோ...

நீங்க ஏன் சமையல விட்டுட்டு ஓடி வர்றீங்க, அம்சம் அக்கா? போனுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கேட்டுச்சு. நான்தான் வச்சிட்டேன்.