துரையைத் தொப்பி போடச் சொன்ன சுயம்புலிங்கம்

தலைமை ஏற்றிருக்கும் நாராயணபெருமாள் வாத்தியார் அவர்களே! வேலை வெட்டியை விட்டுவிட்டு இந்த இரணியல் சந்தைப் பந்தலில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த என் நண்பரின் மனைவி செல்லத்தாய் மதினி அவர்களே! குளச்சல் கருவாட்டு வியாபாரி நூஹு பேசுகிறேன். என் பேச்சில் பிழை இருக்கலாம். என் நண்பரின் பெருமையில் பிழை இராது!

மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர் தலைவர், அய்யாவழி அன்பர் சுயம்புலிங்கம் மறைந்துவிட்டார். ஊரைப் பார்க்க வந்த மனிதரைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அழத்தான் வந்தேன். ஆனால் அவரை நினைத்தால் அழுகைக்கு முந்தி நெஞ்சு நிமிர்கிறதே, நான் என்ன செய்வேன்?

கப்பல் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர்! போன இடத்தில் தன்னைத் தொலைக்காதவர்கள் எத்தனை பேர்? சுயம்புலிங்கம் மலாய் பேசினார். சீனன் கடையில் சாயா குடித்தார். மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் ஆளாய் நின்றார். எதையும் வெறுக்கவில்லை. தலைப்பாகையை மட்டும் விடவில்லை!

ஏன் விட வேண்டும்? அவருடைய பாட்டன்மாரை, மேல்சாதிக்காரரைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கச் சொன்ன நாடல்லவா இது! தலைப்பாகை கட்டிக்கொண்டே கும்பிடு என்பதல்லவா அய்யாவழி! தோட்டத்தில் கிடந்த பழைய கொட்டகையை அவர் தாங்கல் ஆக்கினார். அந்த வழிபாட்டு இடத்தில் சிலை கிடையாது. கும்பிட வருபவர் தனக்குள் இருக்கும் கடவுளைக் காண ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

ஒருநாள் வெள்ளைக்காரத் துரை உள்ளே நுழைந்தார். கண்ணாடியைப் பார்த்தார். யாரோ சவரக் கடை திறந்திருக்கிறான் என்று எண்ணி, தொப்பியைக் கழற்றிவிட்டு, மோவாயைத் தடவிக்கொண்டு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டார்! கங்காணி ஓடோடி வந்தார். "ஏலே சுயம்பு, பேசாம செரச்சு அனுப்பிரு மக்கா, வேல போயிரும்" என்று காதைக் கடித்தார்.

சுயம்புலிங்கம் என்ன சொன்னார் தெரியுமா? "துரை, இது எங்க கோவிலு. இங்க வெறுந்தலையா இருக்கப்பிடாது. தொப்பியப் போடுங்க!"

துரையைக் கண்டால் எல்லாரும் தலைத்துண்டை எடுக்கும் தோட்டம் ஐயா அது! துரை திருதிருவென விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துத் தொப்பியை மாட்டினார். விளக்கு எரியும் மட்டும் கொட்டகை உங்களுக்கே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல், கருவாடு விற்க மலேயாவுக்குக் கப்பலேறும் ஒவ்வொரு பயணத்திலும் நாமம் இடும் வெள்ளை மண்ணை இங்கிருந்து நான்தான் கொண்டுபோனேன். "ஓய் நூஹு, கருவாட்டு மூட்டைகிட்ட வச்சிராதயும்" என்று தவறாமல் ஏசுவார்.

இன்று அந்த விளக்கை ஏற்ற ஆள் இல்லை. ரப்பர் விலை சரிந்ததில் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். மிச்சமுள்ள இளவட்டங்களுக்குத் தலைப்பாகை கட்டக் கூச்சம். விளக்கு நின்றால் கொட்டகையில் ரப்பர் ஷீட் அடுக்கிவிடுவார்கள். நேற்று கேட்டேன்: "மதினி, இனி ஆரு வெளக்கு வைப்பா?"

வெடுக்கென்று வந்தது பதில்! "என்ன கேள்வி கேக்கிய அண்ணாச்சி? எனக்குக் கையில்லியா? கப்பலுக்குச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன், சபையோரே! மண்ணும் நானே சுமப்பேன், கருவாட்டுக்கு எட்டத்தில் வைத்து! கூச்சப்படும் பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்து வருவேன். மதினி விளக்கேற்றும்போது இந்த நூஹு வாசலில் நிற்பான். அங்கே வெறுந்தலையாய் நிற்கப்பிடாதே என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். இதோ, என் தொப்பி என் தலையில்தான் இருக்கிறது!